பயனற்ற செங்கல், பயனற்ற வலிப்பு: 'ரிஃப்ராக்டரி' என்ற ஒரு சொல்லைப் பற்றி

வந்த கேள்வி இது: "தம்பியின் மருத்துவ அறிக்கையில் 'ரிஃப்ராக்டரி எபிலெப்சி' என்று எழுதியிருக்கிறது. கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் 'பயனற்ற கால்-கை வலிப்பு' என்று வருகிறது. அம்மா அழுதுகொண்டிருக்கிறார். அப்பா இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்து ரிஃப்ராக்டரி என்றால் உலைச் செங்கல். இரண்டும் ஒரே சொல்லா? இதைத் தமிழில் எப்படித்தான் சொல்வது?"

முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லுக்குப் 'பயனற்ற' என்ற பொருளே கிடையாது. இதுவரை கொடுத்துப் பார்த்த மருந்துகளுக்கு வலிப்பு கட்டுப்படவில்லை என்பதுதான் அங்கே எழுதியிருக்கும் செய்தி. சிகிச்சை வீண் என்றோ, இனி வழியில்லை என்றோ அது சொல்லவில்லை. மாத்திரைகளைத் தாண்டிய அடுத்த கட்டச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குவதே பெரும்பாலும் இந்தச் சொல்லை எழுதிய பிறகுதான்.

'பயனற்ற' எப்படி வந்தது என்றால், இயந்திர மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லைக் கண்டாலே அப்படித்தான் எழுதுகிறது. உலைச் செங்கல் விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் தமிழ்ப் பக்கங்களில் 'பயனற்ற செங்கற்கள்', 'பயனற்ற பொருட்கள்' என்று வரிசையாகப் போட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1,600 டிகிரியில் தளதளக்கும் எஃகைத் தாங்கி நிற்கும் செங்கல் அது. உலைகளின் உட்சுவருக்கு லைனிங் போடும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டுப் பிறகு தொழில்நுட்ப மொழிபெயர்ப்புக்கு வந்தவன் நான். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. செங்கல் விஷயத்திலாவது வியாபாரத்தோடு போய்விடும். ஒரு நோயாளியின் குடும்பத்துக்கு அதே சொல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் கேள்வியே சாட்சி. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆம், இரண்டும் ஒரே சொல்தான். செங்கல், வலிப்பு மட்டும் இல்லை. தங்கத் தாது, விண்கல், இதயத் தசை, கடல்நீர், கொசு, பிரெஞ்சுப் பாதிரியார் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்களில் எல்லாம் இது வருகிறது. எல்லா இடத்திலும் அடியில் இருக்கும் பொருள் ஒன்று. அதற்கு நம்மிடம் அருமையான சொல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மசியாத.

பருப்பு மசியவில்லை என்கிறோம். "அவன் எதற்கும் மசிய மாட்டான்" என்றும் சொல்கிறோம். அடுப்படியில் இருக்கும் அதே சொல் மனிதருக்கும் போகிறது. ரிஃப்ராக்டரியும் அப்படித்தான். ஏதோ ஒரு விசை ஒன்றின் மேல் செயல்படுகிறது, அது இணங்க மறுக்கிறது. ஆகவே இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதற்கு மசியாதது? நெருப்புக்கா, மருந்துக்கா, அமிலத்துக்கா, சட்டத்துக்கா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் மொழிபெயர்த்தால் பொருள் கட்டாயம் கெடும்.

சொல்லின் பிறப்பும் இதைத்தான் காட்டுகிறது. லத்தீனில் ரெஃப்ராக்டாரியுஸ் என்றால் முரண்டு பிடிப்பவன். எதிர்ப்பது என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து இது வந்ததாகச் சில அகராதிகள் சொல்கின்றன. உடைப்பது என்று பொருள்படும் வேறொரு வினையிலிருந்து என்று சில அகராதிகள் சொல்கின்றன. எப்படியானாலும் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அதாவது 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது அடங்காத மனிதரைக் குறித்த சொல். பொருள்களுக்கும் நோய்களுக்கும் அப்புறம்தான் போனது.

மனிதரைக் குறித்த பொருளில் இது வரலாற்றில் ஆழமாகப் பதிந்த இடம் பிரான்ஸ். புரட்சிக் காலத்தில், 1790 ஜூலை 12 அன்று, திருச்சபையை அரசின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது. பாதிரியார்கள் அரசு ஊழியர்கள் போல ஆனார்கள். அந்த ஏற்பாட்டை ஏற்பதாக எல்லோரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு நவம்பரில் கட்டளை வந்தது. பங்குத் தந்தையரில் ஏறத்தாழப் பாதிப் பேர் எடுத்தார்கள். எடுக்க மறுத்தவர்களுக்கு வந்த பெயர்தான் 'ரெஃப்ராக்டேர்' பாதிரியார்கள். வேலை போனது, பிறகு நாடு கடத்தும் ஆணை வந்தது, 1792 செப்டம்பர் படுகொலைகளில் பலர் பாரிஸில் அடைத்து வைக்கப்பட்டிருந்த இடங்களிலேயே கொல்லப்பட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே சொல் அங்கே மறுபடி கிளம்பியது. 1943 பிப்ரவரியில், இளைஞர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்தபோது போகாமல் தலைமறைவானவர்களையும் ரெஃப்ராக்டேர் என்றார்கள். காட்டில் ஒளிந்து எதிர்ப்புப் படையில் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. திட்டுவதற்காக அரசு பயன்படுத்திய சொல், போர் முடிந்தபின் மரியாதைக்குரிய பெயராகிவிட்டது. மசியாதது கெட்டதா நல்லதா என்பது, எதற்கு மசியவில்லை என்பதைப் பொறுத்தது.

சரி, இனி அப்பாவின் செங்கலுக்கு வருவோம். இது என் சொந்த ஊர் மாதிரி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பு ரிஃப்ராக்டரிக்குத் தரும் வரையறையில் 538 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூழலில் பயன்படக்கூடிய, உலோகம் அல்லாத பொருள் என்று வரும். ஆனால் உலையடியில் வேலை பார்த்த யாரும் சூட்டை மட்டும் வைத்து இதைப் பேச மாட்டார்கள். சூட்டைத் தாங்குவது முதல் பரீட்சைதான். சிலிக்கா சுமார் 1,710 டிகிரியில் உருகும், அலுமினா 2,070 அளவில், மக்னீசியா 2,850 அளவில். எஃகுக்கு 1,600 போதும் என்றால் மூன்றுமே தாங்க வேண்டுமே? தாங்காது. காரணம், உலைக்குள் சூடு மட்டும் இல்லை, கசடு இருக்கிறது. உருகிய உலோகத்தின் மேல் மிதக்கும் அந்தக் கசடு லைனிங்கை மெல்ல அரித்துத் தின்னும். அமிலத் தன்மையுள்ள சிலிக்கா லைனிங்கில் சுண்ணாம்புக் கசடு பட்டால் இரண்டும் சேர்ந்து கரைந்து ஓடிவிடும். மக்னீசியா லைனிங்கில் சிலிக்காக் கசடு பட்டாலும் அதே கதி. ஆகவே செங்கலைப் பார்த்தும் "எதற்கு மசியாதது?" என்று கேட்டாக வேண்டும். நெருப்புக்கு மசியாத செங்கல் தப்பான கசடுக்கு மசிந்துவிடும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் இண்டக்‌ஷன் உலைக்கு சிலிக்கா ராமிங் மாஸ் (லைனிங்குக்கான பொடி) போட்டுக் கெட்டித்து, எத்தனை ஹீட் (உருக்கும் சுற்று) தாங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார்களே, அந்த எண்ணிக்கை திடீரென்று இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே போட்ட ஸ்கிராப்பையும் கசடையும். ராமிங் மாஸ் மேல் பழி போடுவது அதற்கு அப்புறம்தான். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், தலையாட்டுவார்.

இந்த அமில–காரச் சண்டையில் உலகத்தையே மாற்றிய கதை ஒன்று உண்டு. ஹென்றி பெஸமர் 1856இல் இரும்பை எஃகாக்கும் தன் கன்வெர்ட்டர் உலையை அறிவித்தபோது எஃகு மலிவாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பாஸ்பரஸ் கலந்த தாதிலிருந்து வந்த இரும்பைப் போட்டால், வரும் எஃகு நொறுங்கியது. பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு போட்டால் சிலிக்கா லைனிங் கரையும். ஐரோப்பாவின் பெரிய தாதுப் படிவங்களில் பல பாஸ்பரஸ் மிகுந்தவை. எல்லாம் எஃகுக்கு ஆகாமல் கிடந்தன. லண்டனில் ஒரு போலீஸ் கோர்ட்டில் எழுத்தராக இருந்து, மாலை நேரத்தில் வேதியியல் படித்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற இளைஞர்தான் வழி கண்டார். வேல்ஸ் நாட்டில் பிளெய்னாவன் இரும்பாலையில் வேதியியலராக இருந்த உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டும் அவரும் சேர்ந்து, 1870களின் பிற்பகுதியில், லைனிங்கையே காரத் தன்மையுள்ள டாலமைட்டுக்கு மாற்றினார்கள். இப்போது சுண்ணாம்பு தாராளமாகப் போடலாம், செங்கல் கரையாது, பாஸ்பரஸ் கசடோடு போய்விடும். 1879இல் மிடில்ஸ்பரோவில் அதைச் செய்து காட்டினார்கள். அந்தக் கசடைப் பொடித்து வயலுக்கு உரமாகவும் போட்டார்கள். தாமஸ் 1885இல் இறந்தபோது அவருக்கு வயது 34. இன்றைக்கும் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது நெகிழ்ச்சியாக இருக்கும். சூட்டை அவர் தொடவே இல்லை. 'எதற்கு மசியாத செங்கல் வேண்டும்' என்ற கேள்வியை மாற்றிக் கேட்டார், அவ்வளவுதான்.

கார வகைச் செங்கலுக்கு மூலம் மேக்னசைட். நம் ஊரில் சேலத்துக்குப் பக்கத்தில் 'வெள்ளைக்கல்' என்று வெட்டி எடுத்தார்களே, அதுதான். சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி மக்னீசியா மிஞ்சும். இன்னும் கடுமையாக, 1,600 டிகிரியை ஒட்டிச் சுட்டால் தண்ணீரோடும் காற்றின் ஈரத்தோடும் எளிதில் சேராத 'டெட் பர்ன்ட்' வகை கிடைக்கும். எஃகு உலைக்குப் போவது அது. சேலத்தில் உள்ள பொதுத்துறை ஆலை ஒன்று 'ரிஃப்ராக்டரி'யைப் பெயரிலேயே வைத்து இயங்கியிருக்கிறது: செயில் ரிஃப்ராக்டரி கம்பெனி. அதன் பெயர்ப்பலகையை ஓர் இயந்திரம் மொழிபெயர்த்தால் என்ன எழுதும் என்று நினைக்கவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மேலே சொன்ன வரையறை 'உலோகம் அல்லாத' என்று தொடங்குகிறது. ஆனால் 'ரிஃப்ராக்டரி உலோகங்கள்' என்று தனியாக ஒரு கூட்டம் உண்டு: நியோபியம், மாலிப்டினம், டான்டலம், ரீனியம், டங்ஸ்டன். எல்லாம் 2,400 டிகிரிக்கு மேல் உருகுபவை. டங்ஸ்டன் 3,422 வரை நிற்கும், பழைய குண்டு பல்பின் இழை அதனால்தான் அதில். பக்கத்துப் பக்கத்துத் துறைகள்தான், ஆனாலும் ஒருவர் வரையறையில் மற்றவர் பொருள் வெளியே நிற்கிறது.

அடுத்த இடத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். தங்கச் சுரங்கத்தில் 'ரிஃப்ராக்டரி தாது' என்றால் நெருப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தாதைப் பொடித்து சயனைடு கரைசலில் போட்டால் தங்கம் கரைந்து வர வேண்டும். சில தாதுக்களில் வராது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகத் தங்கம் பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற சல்பைடு கனிமங்களுக்குள் சிறைப்பட்டிருக்கும். சயனைடு உள்ளே போய்த் தொட முடியாது. இது சயனைடுக்கு மசியாத தாது. இதை எப்படி மசிய வைக்கிறார்கள்? ஒரு வழி, வறுப்பது. சூட்டில் கந்தகம் எரிந்து வெளியேற, கனிமம் துளைதுளையாகிவிடும். அதாவது, 'ரிஃப்ராக்டரி செங்கல்' நெருப்புக்கு மசியாது. 'ரிஃப்ராக்டரி தாது' நெருப்பால்தான் மசிகிறது. ஒரே பெயரடை, நேர் எதிர் நடத்தை. சுரங்க அறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கும்போது 'வெப்பம் தாங்கும் தாது' என்று எழுதியிருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் நன்றாகத் தமிழ் தெரிந்தவர்தான். அகராதியில் முதலில் இருந்த பொருளை எடுத்துப் போட்டுவிட்டார். வறுப்பதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பக்கம் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல், கந்தகத்தையும் இரும்பையும் உண்டு வாழும் பாக்டீரியாவை விட்டே சல்பைடைத் தின்ன வைக்கிறார்கள். தாது மாறவில்லை, கேட்கும் ஆளை மாற்றினார்கள், அது இணங்கிவிட்டது.

வானியலில் இந்தச் சொல் மறுபடி சூட்டுக்கே திரும்புகிறது, ஆனால் தலைகீழ் திசையில். சூரியன் உருவான காலத்தில் கொதித்துக் கிடந்த வாயு ஆறும்போது எது முதலில் திடமாகும்? கால்சியம், அலுமினியம், டைட்டானியம் சேர்ந்த கனிமங்கள். சுமார் 1,400 டிகிரியிலேயே அவை படிந்துவிடும். இவற்றை ரிஃப்ராக்டரி தனிமங்கள் என்பார்கள். 1969 பிப்ரவரியில் மெக்சிகோவில் விழுந்த அயெண்டே விண்கல்லை வெட்டிப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரியும். அவை இந்தத் தனிமங்களால் ஆனவை. அந்த வகைத் திட்டுகளின் வயது 456 கோடியே 70 லட்சம் ஆண்டு அளவில் வருகிறது. சூரியக் குடும்பத்திலேயே உருவானவற்றில் நாம் அளந்திருக்கும் மிகப் பழைய திடப்பொருள் அவைதான். நம் குடும்பத்தின் பிறந்த தேதியே அவற்றை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இனி உடலுக்குள் வருவோம். மருத்துவத்தில் இந்தச் சொல் இரண்டு தனித்தனி வேலை செய்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம்.

முதலாவது, 'ரிஃப்ராக்டரி பீரியட்'. இதில் நோயே கிடையாது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன்-ஜூல் மாரே 1876இல் தவளையின் இதயத்தை வைத்து விவரித்தது இது. இதயம் ஒருமுறை துடித்தவுடன் சிறிது நேரம் எவ்வளவு தூண்டினாலும் மறுபடி துடிக்காது. நரம்பிலும் இது உண்டு, அங்கே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி. நரம்பு செல்லின் சோடியம் வாசல்கள் திறந்து மூடியபின், மீண்டும் திறக்கத் தயாராக அந்த அவகாசம் தேவைப்படுகிறது. இதயத்தின் கீழறைகளில் அது 200 முதல் 300 மில்லி நொடி. இந்த நீண்ட அவகாசம்தான் நம்மை வாழவைக்கிறது. கை காலில் உள்ள தசையை விடாமல் தூண்டினால் அப்படியே இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதயம் அப்படிப் பிடித்துக்கொண்டால் ரத்தம் நிரம்ப நேரம் இருக்காது, உயிர் போய்விடும். தூண்டலுக்கு மசியாத அந்தக் கால் நொடிதான் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தைத் தளர வைக்கிறது. 'பயனற்ற காலம்' என்று இதை மொழிபெயர்த்தால் எவ்வளவு பெரிய அநியாயம் என்று பாருங்கள். ஆணுக்கு உடலுறவில் உச்சம் முடிந்தபின் வரும் இடைவெளிக்கும் இதே பெயர்தான். அதுவும் இயல்பானது, நோயில்லை.

இரண்டாவது வேலைதான் உங்கள் தம்பியின் அறிக்கையில் இருப்பது: சிகிச்சைக்கு மசியாத நோய். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மசியாதது நோய், நோயாளி இல்லை. அடங்காத மனிதரைக் குறித்த சொல்லாகப் பிறந்ததால், சிலர் அறியாமலே நோயாளியின் மேல் அதைச் சாய்த்துவிடுகிறார்கள். "இந்தப் பையன் மருந்துக்குக் கேட்க மாட்டேன் என்கிறான்" என்று பேசும்போது குற்றம் பையன் மேல் விழுகிறது. அப்படி யாராவது உங்கள் வீட்டில் பேசினால் தயவுசெய்து திருத்துங்கள்.

மருத்துவத்துக்குள்ளேயே இதன் அளவுகோல் நோய்க்கு நோய் மாறும். ரத்தக் கொதிப்பில், நீர்பிரிக்கும் மாத்திரை உட்பட மூன்று மருந்து கொடுத்தும் இறங்காவிட்டால் அதை 'ரெசிஸ்டன்ட்' என்பார்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் கொடுத்தும் இறங்காவிட்டால்தான் 'ரிஃப்ராக்டரி'. நிணநீர்ப் புற்றுநோயில் 'ரிலாப்ஸ்டு' என்றால் ஒருமுறை அடங்கித் திரும்பி வந்தது, 'ரிஃப்ராக்டரி' என்றால் சிகிச்சைக்குச் சரியாக அடங்கவே இல்லை. நிற்காமல் தொடரும் வலிப்புக்கு இன்னொரு கணக்கு: முதல் நிலை மருந்தும் அடுத்த நிலை மருந்தும் கொடுத்தும் நிற்காவிட்டால் ரிஃப்ராக்டரி, மயக்க மருந்து தொடங்கி 24 மணி நேரம் கடந்தும் தொடர்ந்தால் அதற்கு முன்னால் 'சூப்பர்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். ஆக, அறிக்கையில் சொல்லைப் பார்த்தவுடன் அதன் கனம் எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. எந்த நோய், எத்தனை மருந்து என்று தெரிய வேண்டும்.

உங்கள் தம்பிக்கு எழுதியிருக்கும் சாதாரண 'ரிஃப்ராக்டரி எபிலெப்சி'க்கு உலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010இல் வகுத்த வரையறைதான் பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. நோய்க்குப் பொருத்தமானவையாகத் தேர்ந்தெடுத்த, உடம்புக்கு ஒத்துக்கொண்ட இரண்டு மருந்துகளைத் தனியாகவோ சேர்த்தோ போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் வலிப்பு முழுதாக நிற்காவிட்டால் அந்தப் பெயர். வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இந்த நிலைக்கு வருகிறார்கள். அரிதான ஒன்று இல்லை, தம்பி தனியாக மாட்டிக்கொள்ளவில்லை.

அந்த வரையறையில் உள்ள 'பொருத்தமான', 'போதிய' என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். இங்கேதான் பருப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. போர்வெல் தண்ணீர் உள்ள ஊர்களில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. பருப்பு மட்டமானது என்று நினைப்போம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து இறுக்கிவிடுகின்றன. அதே பருப்பை நல்ல தண்ணீரில் போட்டால் குழைந்துவிடும். பருப்பு மசியாதது இல்லை, அந்தத் தண்ணீரில் மசியவில்லை. வலிப்பிலும் இப்படி நடக்கும். வலிப்பு மாதிரியே தோன்றும், ஆனால் மூளையின் மின்கோளாறால் வராத நிலைகள் உண்டு. அவற்றுக்கு வலிப்பு மருந்து வேலை செய்யாது. வலிப்பின் வகையைத் தப்பாகக் கணித்தால் மருந்தும் தப்பாகப் போகும். அளவு குறைவாக இருக்கலாம். மாத்திரை விட்டுப்போயிருக்கலாம். தூக்கம் கெட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் உண்மையில் மசியாத வலிப்பு. ரத்தக் கொதிப்பிலும் அப்படியே. சிறிய பட்டையைக் கட்டி அளந்தால்கூட எண் ஏறிக் காட்டும்.

உண்மையாகவே மருந்துக்கு மசியாத வலிப்பு என்று உறுதியானாலும், அது மாத்திரைக்கு மசியாதது என்றுதான் பொருள். அறுவை சிகிச்சைக்கு மசியலாம். கனடாவில் மூளையின் பக்கவாட்டு மடலில் தொடங்கும் வலிப்புள்ள 80 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மருந்து மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். எல்லா வலிப்புக்கும் இது பொருந்தாது. எந்த இடத்தில் தொடங்குகிறது, அதை எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. அறுவை ஆகாதவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு, கழுத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி என்று வழிகள் இருக்கின்றன. தங்கத் தாதில் சயனைடு தோற்ற இடத்தில் பாக்டீரியா வென்றதே, அதுபோல.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் உள்ள கார்பன் ஏறத்தாழ 66,000 கோடி டன்; அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாத ரிஃப்ராக்டரி வகை, ஆழ்கடலில் அதன் சராசரி வயது 4,000 முதல் 6,000 ஆண்டு. அவை ஒரேயடியாக மசிந்தால் கரியமில வாயுவாக மாறும், அதில் ஒரு பங்கு காற்றுக்கும் வரும். கொசு ஆராய்ச்சியில், மலேரியாக் கிருமி உள்ளே வளர முடியாத கொசு ரிஃப்ராக்டரி. 1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படி ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கிருமியை அது கறுப்பு உறை போட்டு மூடிக் கொன்றது. இங்கெல்லாம் மசியாமல் இருப்பது நமக்கு நல்லது.

கண் மருத்துவமனையில் கேட்கும் 'ரிஃப்ராக்‌ஷன்' இதனோடு சேர்த்தி இல்லை. அது ஒளி வளைவதைப் பற்றியது, கண்ணாடிப் பவர் பார்ப்பது. காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழில் எப்படிச் சொல்வது என்ற கடைசிக் கேள்விக்கு, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்ட முயலாதீர்கள் என்பேன். செங்கலுக்குத் 'தீ தாங்கும்' அல்லது 'உயர்வெப்பம் தாங்கும்' போதும்; கசடைப் பற்றிப் பேசினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தாதுக்கு 'சயனைடுக்கு இணங்காத தாது'. விண்கல்லுக்கு 'முதலில் உறையும் தனிமங்கள்' என்றால் பள்ளி மாணவருக்கும் புரியும். இதயத்துக்கும் நரம்புக்கும் 'தூண்டலுக்கு இணங்காத இடைவேளை'. பாதிரியார்களுக்கு 'பணிய மறுத்த'. நோய்க்கு 'மருந்துக்கு மசியாத', அல்லது இன்னும் மென்மையாக 'மருந்துக்குக் கட்டுப்படாத'. எல்லாவற்றிலும் அந்த 'க்கு' என்ற உருபு ஒட்டிக்கொண்டு வருவது நல்லது. எதற்கு என்ற கேள்விக்கான பதிலை அது தானாகவே கேட்டு வாங்கிவிடும். ஆங்கிலத்தில் மறைந்திருப்பதைத் தமிழ் வெளியே எடுத்து வைக்கிறது.

தம்பியின் அறிக்கையில் உள்ள அந்த வரியை அம்மாவுக்கு இப்படிப் படித்துக் காட்டுங்கள்: "இதுவரை கொடுத்த மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு." அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இதுவரை எந்தெந்த மருந்து, எவ்வளவு மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வலிப்பு வரும்போது கைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால் அதையும். "எந்த இரண்டு மருந்தை வைத்து ரிஃப்ராக்டரி என்று எழுதினீர்கள், வீடியோ இ.இ.ஜி. (படமெடுத்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) தேவைப்படுமா, அறுவை சிகிச்சைக்குத் தகுதி பார்க்கும் மையத்துக்கு அனுப்பலாமா" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதுவரை ஒரு வேளை மாத்திரையும் விடாமல் தம்பி சாப்பிடட்டும்.